அவன் எங்கம்மா ஓடுவான்?

எங்கள் வீட்டு வரி ரசீதின் நகல் ஒன்று குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக் கோப்பு ஒன்றுக்குள் இருக்கிறது. கூடவே என் மனைவியின் பாஸ்போர்ட் சைஸ் படம், இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் நகல். போன வருஷம் ஆடி மாதம் கொடுத்தது. அந்த ஒரு நாள் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. யாரும் எங்களை அவமதிக்கவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. பெஞ்ச் கிளார்க், வக்கீல், டவாலி, நடுவர் என்று எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். யாராவது தப்பாக நடந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் வைத்திருப்பது சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், கார்த்திகை வந்தால் காலண்டர். பைண்டிங்கில் ஒரு பையன் இருக்கிறான். இருபத்திரண்டு வயது, நாலு வருஷமாக என்னிடம். ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவன் அம்மா கடை வாசலில் நின்றார். பையன் யாரோ தெரிந்தவனிடம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பழைய செல்போன் வாங்கியிருக்கிறான். பில் இல்லை. அது வழிப்பறியில் போன போன். எண்ணை வைத்துத் தேடி வந்த போலீஸ் பறித்தவனையும் தூக்கியது, வாங்கியவனையும் தூக்கியது. திருட்டுப் பொருளை வாங்கிய குற்றம். அதிகபட்சம் மூன்று வருஷம் தண்டனை. நடுவர் முன் நிறுத்தி, பதினைந்து நாள் ரிமாண்ட்.

அந்த விலைக்கு அப்படியொரு போன் கிடைக்கிறது என்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். தெரிந்தே வாங்கினானா, ஏமாந்து வாங்கினானா என்பது விசாரணையில் முடிவாக வேண்டியது. நான் இங்கே சொல்ல வருவது அதற்கு முந்தின கட்டத்தைப் பற்றி.

அவன் அம்மா அழவில்லை. "அண்ணே, வக்கீலு வெச்சுத் தர்றேன்னு கோர்ட்லயே சொல்லியிருக்காங்க. ஆனா ஜாமீன் போட ஆளு வேணுமாம். நீங்க போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். "பாக்கலாம்மா, முதல்ல பெயில் கிடைக்கட்டும்" என்றேன். தமிழில் இந்தப் 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஷட்டர் உடைந்த கதை

நான் தயங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், என் அச்சகத்தின் ஷட்டர் பூட்டை உடைத்துத் திருடினார்கள். ஒரு லேப்டாப், மேஜையில் இருந்த பதினெட்டாயிரம் ரூபாய், அப்புறம் அறுபது கிலோவுக்குப் பழைய அலுமினியம் பிளேட்டுகள். லேப்டாப்பில் ஆறு வருஷத்து டிசைன்கள் இருந்தன. காலையில் வந்து பார்த்தபோது, பூஜைக்கு என்று வாங்கி வைத்திருந்த பூசணிக்காய் மட்டும் நடு அறையில் உருண்டு கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு ஒரு மாதிரி ஆகிறது. பணத்தைவிட, யாரோ ஒருவன் என் இடத்துக்குள் இருட்டில் நடந்திருக்கிறான் என்பதுதான் தாங்கவில்லை.

எதிர்க்கடை கேமராவை வைத்து ஒருவனைப் பிடித்தார்கள். இருபது நாளில் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஸ்டேஷனுக்கே போய், "இப்படி விட்டா ஓடிட மாட்டானா சார்? அப்புறம் எதுக்குக் கேஸ், எதுக்குக் கோர்ட்டு?" என்று கத்தினேன். "நாங்களா விட்டோம்? கோர்ட்டு விட்டிருக்கு" என்றார் அங்கிருந்தவர். அன்றிலிருந்து டீக்கடையில் யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் நான் ஒரே கட்சி. பிடித்தால் உள்ளே வை. விடாதே.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. 'நடக்கிறது' என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன மாதத்துக்கு முன்னால் வரை, சாட்சி சொல்ல எனக்கு நாலு முறை சம்மன் வந்திருந்தது. ஒரு முறை நடுவர் விடுப்பு, ஒரு முறை வக்கீல்கள் புறக்கணிப்பு, ஒரு முறை நான் போகவில்லை, ஒரு முறை மாலை நாலரை வரை உட்கார்ந்துவிட்டு அடுத்த வாய்தா வாங்கிக்கொண்டு வந்தேன். கூண்டில் ஏறி ஒரு வார்த்தை இதுவரை பேசவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் வந்துதான், திருட்டுப் போனை வாங்கியவனுக்கு ஜாமீன் போடச் சொன்னார் அந்த அம்மா.

ஒன்பதாம் நாள், முப்பத்தொன்றாம் நாள்

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஓர் இளம் பெண் வக்கீல் அமைந்தார். நல்லவர், வேகமானவர். ஒன்பதாம் நாள் ஜாமீன் வாங்கிவிட்டார். அவன் அம்மா கடைக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். சாயந்திரமே பையன் வந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

உத்தரவை வக்கீலம்மா படித்துக் காட்டினார். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் மதிப்பில் இரண்டு ஜாமீன்தாரர்கள். அதில் ஒருவர் ரத்த சொந்தம். வெளியே வந்ததும் தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. இதில் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பையன் வராமல் போனால் அந்தத் தொகையைக் கட்டுவதற்கு வக்குள்ள ஆள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வக்கு என்றால் சொத்து. சொத்து என்றால் வீட்டு வரி ரசீது.

அவனுக்கு அப்பா இல்லை. அம்மா இருப்பது வாடகை வீடு. ஆக, ரத்த சொந்தம் இருந்தது, ரசீது இல்லை. ரசீதோடு ஒரு தாய்மாமா இருந்தார், ஆனால் அவர் வேறு மாவட்டம். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க நாலு நாள், அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வர ஒரு நாள். வந்தவரிடம் "உள்ளூர் ஷூரிட்டிதாங்க வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேட்டி மடிப்பில் வைத்திருந்த சான்றை இரண்டு முறை எடுத்துப் பார்த்தார், மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். அவருக்கு அன்றைய கூலி போயிற்று, பஸ் காசு போயிற்று. பையனுக்கு ஐந்து நாள் போயிற்று.

இதையெல்லாம் எங்கள் ஊர் கோர்ட்டின் தனிக் கோளாறு என்றுதான் நினைத்தேன். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறது, மத்தியப் பிரதேசத்திலிருந்து. ஜாமீன் தந்தாகிவிட்டது. ஆனால் நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்கிறார். கொத்தனாரின் சகோதரர் வருகிறார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்க மறுத்துவிடுகிறார்கள். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார். ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடனோ ஆந்திரனோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால், அங்கே சொத்து வைத்திருக்கும் ஜாமீன்தாரருக்கு அவன் எங்கே போவான் என்று கேட்கிறார். அந்தக் கொத்தனாரை ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணைப் பத்திரத்தில் விடச் சொன்னார்.

அதே பத்தாயிரம். அதே வேறு மாவட்டம். கொத்தனாரின் சகோதரருக்குப் பதில் பைண்டரின் தாய்மாமா. நடுவில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இதில் வேடிக்கை, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் மறுபடியும் இதையே சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வர முடியாமல் போவதற்கு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பது ஒரு காரணம், அப்படிக் கேட்காமல் இருக்கலாம் என்று. ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்றும், ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. நல்ல உத்தரவு. எங்கள் கோர்ட் வராந்தாவில் அதைப் பற்றி ஒரு பேச்சும் என் காதில் விழவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2022 நவம்பர் 26 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நடந்த அரசமைப்புச் சட்ட நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். எழுதி வைத்த உரையைத் தாண்டி, சிறையில் கிடக்கும் ஏழைகளை நினைத்துப் பாருங்கள் என்று நீதிபதிகளைப் பார்த்தே சொன்னார். அந்த 2022-ஆம் வருஷ முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. இவர்களில் எத்தனை பேர் கையில் ஜாமீன் உத்தரவை வைத்துக்கொண்டு ரசீதுக்காகக் காத்திருந்தார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை.

இருபத்திநாலாம் நாள் வாக்கில் அவன் அம்மா மறுபடி கடைக்கு வந்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. பையன் பாதியில் விட்டிருந்த பில் புக்குகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்குப் போய் ரசீதைத் தேடினேன். எடுத்துப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது, வீடு என் பேரில் இல்லை. அவள் அப்பா கொடுத்த இடம். ரசீது என் மனைவி பேரில்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. 'நான் ரெடிதான், ஆனா ரசீது என் பேர்ல இல்லம்மா' என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். "என் பேர்ல இருந்தா நான்தானே வரணும்? என்னைக்குப் போகணும்?" என்றாள். அவ்வளவுதான். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பெஞ்சுக்கு முன்னால்

அன்றைக்குக் காலை பத்து மணிக்கே போய்விட்டோம். ரத்த சொந்தத்துக்கு ஒரு சித்தி கிடைத்திருந்தார். பக்கத்து டவுனில் சின்ன ஓட்டு வீடு, சொந்தப் பேரில் ரசீது. வக்கீலின் குமாஸ்தா பிரமாணப் பத்திரங்களில் படம் ஒட்டி, இரண்டு பேரிடமும் ரேகை வாங்கினார். மை நீலம். என் மனைவி விரலைச் சேலைத் தலைப்பில் துடைக்கப் போய், நான் சத்தம் போட்டு, அப்புறம் ஒரு பழைய செய்தித்தாளில் துடைத்தாள்.

வராந்தாவில் நின்றபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். மரியாதையான ஆள். "ஷூரிட்டிக்கா சார்? வேணும்னா நம்மகிட்ட ஆள் இருக்கு. ரெண்டு பேர், ஐயாயிரம். ரசீது, ஆதார் எல்லாம் பக்கா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "ரத்த சொந்தமே வேணும்னாலும் பண்ணிக்கலாம்" என்றார். ரத்த சொந்தத்தை எப்படிப் பண்ணுவார்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. வக்கீலம்மா பார்த்த பார்வையில் அவர் நகர்ந்துவிட்டார். அப்புறம் வக்கீலம்மா சொன்னதுதான் இந்தக் கதையில் எனக்கு அதிகம் உறைத்தது. "நிஜமா திருடற ஆளுங்களுக்கு இவங்க இருக்காங்க சார். அவங்க உத்தரவு வந்த மறுநாளே வெளிய போயிடுவாங்க. மாட்டிக்கிறது உங்க பையன் மாதிரி ஆளுங்கதான்."

அப்படியானால் இந்த ஏற்பாடு வடிகட்டுவது யாரை? ஐயாயிரம் புரட்டத் தெரிந்தவன், முன்னாலேயே நாலு முறை வந்து போனவன், யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்தவன் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் முறை மாட்டியவனும், பொய் ரசீது காட்டப் பயப்படுகிறவனும் நிற்கிறார்கள். என் கடையை உடைத்தவன் இருபது நாளில் வெளியே வந்தது எப்படி என்று மூன்று வருஷம் கழித்து எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நிரூபிக்க முடியாத சந்தேகம், விட்டுவிடுகிறேன்.

மூன்றே கால் மணிக்கு டவாலி பேர் சொல்லிக் கூப்பிட்டார். சித்தி முதலில் போனார். நிமிஷத்தில் முடிந்தது. அடுத்து என் மனைவி. நடுவர் ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும், முன்னால் மலை மாதிரி கட்டுகள். தலை நிமிராமலே ரசீதின் வருஷத்தைப் பார்த்தார். வரி பாக்கி இல்லை என்று பார்த்தார். ஆதாரில் இருந்த படத்தையும் ஆளையும் ஒரு தரம் பார்த்தார். "இவரைத் தெரியுமா?" "தெரியும்மா." "அவர் வாய்தாவுக்கு வராம ஓடிப்போயிட்டா நீங்க பத்தாயிரம் கட்டணும். தெரியுமா?"

இதற்கு 'தெரியும்மா' என்று சொல்லிவிட்டு வர வேண்டும். குமாஸ்தா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். என் மனைவி அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். "அவன் எங்கம்மா ஓடுவான்? அவன் அம்மா இங்கதான இருக்கு. தைப்பூசத்துக்கு மூணு நாள் லீவு குடுத்தா ரெண்டாவது நாளே வந்துடுவான், சும்மா இருந்தா தலை வலிக்குதும்பான்" என்றாள்.

கோர்ட்டே சிரித்துவிட்டது. பெஞ்ச் கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவரும் லேசாகச் சிரித்து, கையெழுத்துப் போட்டு, கட்டைத் தள்ளினார். என் மனைவி முகம் சிவந்து வெளியே வந்து, "ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்டாள்.

நான் இந்த இடத்தில்தான் ஒரு வருஷமாக நிற்கிறேன். விசாரணைக்கு முன்னால் ஒருவனை உள்ளே வைப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் கொஞ்சம்தான். ஓடிவிடுவானா, சாட்சியைக் கலைப்பானா, வெளியே போய் மறுபடி ஏதாவது செய்வானா. ஜாமீன்தாரர் என்ற ஏற்பாடே முதல் கேள்விக்காகத்தான். அந்த முப்பத்தொரு நாளில் அந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அவனுக்கு அம்மா இருக்கிறார், வேலை இருக்கிறது, மூன்று நாள் லீவைக்கூட முழுசாக எடுக்காதவன். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும்தான் சிரித்தேன். அந்த அறையில் அந்தப் பதிலுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. ரசீதுக்கு இருந்தது, ரேகைக்கு இருந்தது.

கைது செய்த அன்றைக்கே இதைக் கேட்டிருக்கலாம். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யாதே, நோட்டீஸ் கொடுத்து வரச் சொல் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவன் மீதான குற்றத்துக்கு மூன்று வருஷம்தான். வேலை செய்யும் இடம் போலீசுக்குத் தெரியும், வீடு தெரியும். ரிமாண்ட் செய்யும்போது நடுவர் கேட்டிருக்கலாம், ஜாமீன் தரும்போது கேட்டிருக்கலாம். நடுவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் மட்டும் அறுபது பேரையாவது கூப்பிட்டிருப்பார்கள். அறுபது பேரிடம் 'உன் அம்மா எங்கே இருக்கிறார்' என்று யார் கேட்பது? ரசீதைப் பார்ப்பது சுலபம்.

சீர்திருத்தம் வராமல் இல்லை

புதுக் குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. பேரே வாயில் நுழையவில்லை என்று நம் ஊர் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்துப் போராடினார்கள். அந்தச் சண்டையில் காணாமல் போன ஒரு நல்ல விஷயம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில், அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும் என்று இருந்தது. இப்போது, முன்னால் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். அதுவும் ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும். சட்டம் வருவதற்கு முன்னால் உள்ளே போனவர்களுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிவாகியிருக்கிறது. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடையாது. வழக்குமேல் வழக்காகப் போடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தவர்கள் இந்த விதிவிலக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், நியாயமான கவலை.

எங்கள் பையனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரு வருஷம். ஒரு வருஷம் உள்ளே இருந்தால் ஜாமீன்தாரர் வேண்டாம், அவன் சொல்லை நம்பி விட்டுவிடலாம். ஒன்பதாம் நாள் என்றால் நம்ப முடியாது, ரசீது வேண்டும். ஒரு வருஷம் உள்ளே கிடந்தவனுக்குக் கடையில் வேலை இருக்குமா, வாடகை வீடு இருக்குமா? ஓடிப்போகாமல் பிடித்து வைக்கும் கயிறெல்லாம் அதற்குள் அறுந்திருக்கும். அப்போது நம்புகிறோம்!

ஏழைக் கைதிகளுக்கு என்று மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டமும் கொண்டுவந்திருக்கிறது. ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை அரசே கட்டும் என்று அப்போது அறிவித்தார்கள். முப்பத்தொரு நாளில் எங்களிடம் அதைச் சொன்னவர் யாரும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவையும் படித்த பிறகு, என் பழைய கோபம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அது போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. பிடித்தால் உள்ளே வை என்று நான் ஏன் கத்தினேன்? அந்த இருபது நாள்தான் அவனுக்குக் கிடைக்கப்போகும் ஒரே தண்டனை என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. தீர்ப்பு என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நம்மில் பாதிப்பேருக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் ஜாமீன் கிடைத்தாலே விடுதலை ஆகிவிட்ட மாதிரி கொதிக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற தண்டனை ரிமாண்ட் மட்டும்தான் என்பதால் அதையே முழுசாகக் கொடு என்கிறோம். அந்த அடி போய் விழுவது என் கடையை உடைத்தவன் மேல் இல்லை, ரசீது இல்லாதவன் மேல். ஒரு வருஷத்துக்குள் என் வழக்கை நடத்தி முடித்திருந்தால், அவன் இடையில் வெளியே இருந்ததைப் பற்றி நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன்.

பையன் வெளியே வந்த மறுநாளிலிருந்து பத்தரை மணிக் கையெழுத்து. எங்கள் கடை திறப்பது ஒன்பதரைக்கு. வந்து கட்டிங் மிஷினைத் துடைத்துவிட்டுக் கிளம்பினால் திரும்ப பன்னிரண்டு ஆகிவிடும். சில நாள் எழுத்தர் இருக்க மாட்டார், ஒரு மணி. இதைத் தளர்த்த இன்னொரு மனு போட வேண்டியிருந்தது, அதற்கு இரண்டு மாதம். அரை நாள் சம்பளத்தை நான் பிடிக்கவில்லை என்று பெருமையாக எழுத ஆசைதான். முதல் மாதம் பிடித்தேன். மனைவிக்குத் தெரிந்து, இரண்டாவது மாதம் திருப்பிக் கொடுத்தேன்.

சிறையைப் பற்றி அவன் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, புத்தகம் தைத்துக்கொண்டே, "அண்ணே, பெயில் கெடச்சப்புறம் உள்ள இருக்கறதுதாண்ணே கஷ்டம். முன்னாடி தூக்கம் வந்துச்சு" என்றான். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், பசை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

போன மாதம் என் வழக்குக்கு ஐந்தாவது சம்மன் வந்து போயிருந்தேன். சாட்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் கடையை உடைத்ததாகச் சொல்லப்படுகிறவன் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு தூக்குவாளி. இவன் எத்தனை வாய்தாவுக்கு வந்திருக்கிறான் என்று அரசு வக்கீலிடம் கேட்டேன். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் வந்திருக்கான் சார்" என்றார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "போன வருஷம் வைகாசில நீங்கதான் வரல" என்றார். வைகாசி. முகூர்த்த சீசன். பத்திரிகை ஆர்டர் குவிந்து கிடந்தது, கோர்ட் எங்கே ஓடிப்போகிறது என்று விட்டுவிட்டேன். இந்த முறையும் விசாரணை எடுக்கவில்லை. தேதி மட்டும் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது நான் அச்சடித்த காலண்டர்தான். அதில் பையனின் வாய்தாத் தேதிகளை என் மனைவி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறாள். அந்தந்த நாள் காலையில் கடைக்கு போன் போட்டு, "கெளம்பிட்டானா?" என்று கேட்பாள். இப்போது என் தேதிகளையும் எழுதுகிறாள், நீலத்தில். அடுத்த மாதம் 18-ஆம் தேதியில் இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிடுங்க. அவனைப் பின்னாடி உக்கார வைக்காதீங்க, நீங்க உக்காருங்க. வழியில வேற எங்கயாவது போயிடப் போறீங்க" என்றாள்.